தீவே வகுப்பறை

நுழையும்முன்

கல்விப் பயணம் என்பது காட்சிகளைக் கண்டு களித்துத் திரும்புவதோடு முடிந்துவிடுவதில்லை. ஓரிடத்தின் மண், நீர், மரம், விலங்கு, மக்கள், மொழி ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்து அறியும் பயிற்சியாக அது அமைதல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையை அடுத்துள்ள கர்ரி என்னும் மணல்தீவு அத்தகைய பயிற்சிக்கு ஏற்ற இடம். அத்தீவின் இயற்கையையும் அங்கு வாழும் தொல்குடிகளின் மரபையும் பள்ளி மாணவர்கள் எவ்வாறு கற்கிறார்கள் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உலகின் பெரிய மணல்தீவு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே, கரையிலிருந்து குறுகிய நீரிணையால் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது கர்ரி தீவு. ஏறத்தாழ 122 கிலோமீட்டர் நீளமும் 1,600 சதுரக் கிலோமீட்டருக்கும் மிகுதியான பரப்பும் கொண்ட இது, உலகின் மிகப்பெரிய மணல்தீவு ஆகும். 1992ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக இயற்கை மரபிடங்களுள் ஒன்றாக அறிவித்தது.

குயின்ஸ்லாந்துப் பள்ளிகளின் மாணவர்கள் படகேறி இத்தீவுக்கு வந்து, சில நாள்கள் தங்கிக் கள ஆய்வு செய்வது வழக்கம். தீவின் தென்பகுதியில் உள்ள டில்லி வில்லேஜ் என்னுமிடத்தில் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் ஒன்றும் இயங்குகிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டம் எல்லாப் பாடங்களிலும் ஊடாடி வரவேண்டிய கருத்துகளாக மூன்றனை வரையறுத்துள்ளது. தொல்குடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவினர் ஆகியோரின் வரலாறும் பண்பாடும் அவற்றுள் ஒன்று. ஆசியாவுடன் ஆஸ்திரேலியா கொண்டுள்ள உறவு மற்றொன்று. வளங்குன்றா வாழ்வுமுறை மூன்றாவது. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஒரே நிலப்பரப்பில் பின்னிக் கிடப்பதைக் கர்ரி தீவில் நேரில் காணலாம்.

மணலில் எழுந்த காடு

தீவில் கால்வைக்கும் மாணவர்களுக்கு எழும் முதல் வினா, இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது என்பதாகும். தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பகுதியின் மலைப்பாறைகள் காலப்போக்கில் சிதைந்து மணலாயின. ஆறுகள் அம்மணலைக் கடலில் சேர்த்தன. கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் நீரோட்டமும் அலைகளும் அதனைச் சுமந்து வந்தன. தென்கிழக்குக் காற்று அதனை மேடுகளாகக் குவித்தது. இச்செயல் ஏறத்தாழ ஏழு இலட்சம் ஆண்டுகளாக நிகழ்ந்துவருகிறது. பழைய குன்றின்மேல் புதிய குன்று படிய, சில மணற்குன்றுகள் 200 மீட்டருக்கும் மேலாக உயர்ந்துள்ளன.

மணல் ஊட்டமற்ற மண். நீரை நிறுத்தி வைக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. அத்தகைய மணலின்மேல் வானுயர்ந்த மழைக்காடு செழித்திருப்பது இத்தீவின் வியப்பு. அதன் காரணத்தை அறிய மாணவர்கள் கிழக்குக் கடற்கரையிலிருந்து தீவின் உட்பகுதி நோக்கி நடக்கிறார்கள். அளவுக் கயிற்றை நிலத்தில் நீட்டி, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் அடங்கும் செடிகளை எண்ணிக் குறிக்கிறார்கள். மண்ணின் நிறத்தையும் ஈரத்தையும் பதிவு செய்கிறார்கள்.

கடற்கரையை ஒட்டிய இளங்குன்றுகளில், உப்புக்காற்றைத் தாங்கும் படர்புல் வேரோடி மணலைப் பிணைக்கிறது. அலைத்திவலையோடு வரும் கனிமங்களே அதற்கு உணவு. புல்லின் இலைகளும் வேர்களும் மட்கிச் சேர்ந்த இடத்தில் புதர்களும் சவுக்கினத்தைச் சேர்ந்த மரங்களும் தோன்றுகின்றன. அவற்றை அடுத்து யூக்கலிப்டஸ் மரங்கள் வளர்கின்றன. தீவின் நடுப்பகுதியை அடையும்போது, சாட்டினே, கௌரி முதலிய பெருமரங்கள் நிறைந்த மழைக்காடு எதிர்ப்படுகிறது. வேர்களைச் சூழ்ந்து வாழும் நுண்பூஞ்சைகள் மணற்துகள்களிலிருந்தும் உதிர்ந்த இலைகளிலிருந்தும் ஊட்டத்தைத் திரட்டி மரங்களுக்கு அளிக்கின்றன. கைம்மாறாக மரங்களிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. ஆகவே, காட்டின் செல்வம் மண்ணில் புதைந்திருக்கவில்லை. மரத்திலிருந்து சருகுக்கும், சருகிலிருந்து பூஞ்சைக்கும், பூஞ்சையிலிருந்து மீண்டும் மரத்திற்குமாக அது சுழன்றுகொண்டே இருக்கிறது. மேற்பரப்புச் சருகைச் சுரண்டி எடுத்துவிட்டால் அச்சுழற்சி அறுந்துபோகும்.

மேலும் மேற்கே சென்றால் மரங்களின் உயரம் குறைந்து, புதர்க்காடு தொடங்குகிறது. அங்குள்ள குன்றுகள் மிகவும் பழமையானவை. பல்லாயிரம் ஆண்டு மழை அவற்றின் ஊட்டத்தை வேர்கள் எட்டாத ஆழத்திற்குக் கரைத்துச் சென்றுவிட்டது. காலம் செல்லச் செல்லக் காடு வளர்ந்துகொண்டே போகும் என்னும் பொதுவான எண்ணம் இங்குத் திருத்தம் பெறுகிறது. கிழக்கிலிருந்து மேற்காகச் செல்லும் ஒருநாள் நடையில், ஒரு காட்டின் இளமையையும் நிறைவையும் தளர்ச்சியையும் மாணவர்கள் வரிசையாகக் கண்டுவிடுகிறார்கள்.

குன்றின்மேல் ஏரிகள்

நீரை உறிஞ்சிவிடும் மணலில் ஏரி நிற்பது எவ்வாறு? காற்று தோண்டிய பள்ளங்களில் இலைகளும் பட்டைகளும் விழுந்து மட்குகின்றன. அம்மட்கு மணற்துகள்களை ஒட்டவைத்து, நீர் புகாத கெட்டியான அடுக்காக இறுகுகிறது. அதன்மேல் மழைநீர் தேங்கி ஏரியாகிறது. நிலத்தடி நீர்மட்டத்திற்கு மிக உயரத்தில், தட்டில் ஏந்திய நீர்போல் நிற்பதால் இதனை ஏந்தல் ஏரி எனலாம். உலகில் உள்ள இத்தகைய நன்னீர் ஏரிகளுள் பாதியளவு கர்ரி தீவிலேயே உள்ளன.

அவற்றுள் பூரங்கூரா ஏரி புகழ்பெற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் கரை, தூய வெண்மணலால் ஆனது. அதன் தெளிவுக்குக் காரணம் ஊட்டப்பொருள்கள் மிகக் குறைவாக இருப்பதுதான். மாணவர்கள் நீரின் அமிலத்தன்மை, வெப்பநிலை, கலங்கல் ஆகியவற்றை அளக்கிறார்கள். நீர் சற்றே அமிலத்தன்மை உடையது. மீனினங்கள் மிகச் சிலவே. ஆயினும், பிற தவளையினங்கள் பெருக இயலாத அமில நீரிலேயே முட்டையிட்டு வாழப் பழகிய தவளைகள் இத்தீவின் நீர்நிலைகளில் உள்ளன.

இங்குத்தான் ஆய்வு செய்பவரும் ஆய்வுக்குரிய பொருளாகிறார். ஏரிக்கு ஆறு இல்லை. வந்து சேர்ந்த அழுக்கைக் கொண்டுசெல்லும் வழியும் இல்லை. குளிப்பவரின் உடலிலிருந்து கரையும் வெயில்காப்புப் பூச்சும் சோப்பும் சிறுநீரும் ஏரியிலேயே தங்கிப் பாசியை வளர்க்கும். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் வந்து செல்லும் தீவில், ஒருவர் விட்டுச்செல்லும் சிறிதளவும் பெருந்தொகையாகிறது. எனவே, நீரில் இறங்குமுன் பூச்சுகளைத் தவிர்க்குமாறு மாணவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. அறிவுரையின் காரணம், அவர்கள் கையிலுள்ள அளவுக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வொங்காரி

தீவின் காட்டு நாயான டிங்கோவைப் பட்சலா மக்கள் வொங்காரி என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 100 முதல் 200 வரையிலான வொங்காரிகள் தீவில் வாழ்கின்றன. வீட்டுநாய்களைத் தீவுக்குக் கொண்டுவரத் தடை இருப்பதால், பெருநிலப்பகுதியில் நிகழ்ந்த அளவுக்கு இவற்றின் இனக்கலப்பு நிகழவில்லை.

பயணிகள் அன்பு மிகுதியாலோ, நல்ல நிழற்படம் வேண்டியோ உணவு கொடுத்தபோது, வொங்காரிகள் மனிதரை அஞ்சும் இயல்பை இழந்தன. உணவு கிடைக்காதபோது அவை துரத்தவும் கடிக்கவும் தொடங்கின. 2001ஆம் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோக்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தான். அதனைத் தொடர்ந்து பல டிங்கோக்கள் கொல்லப்பட்டன. இரு தரப்பின் இழப்புக்கும் தொடக்கம், யாரோ நீட்டிய ஒருபிடி உணவு.

ஆகையால், உணவைப் பூட்டி வைத்தல், தனியே நடவாமல் குழுவாகச் செல்லுதல், வொங்காரியைக் கண்டால் ஓடாமல் அதனை நோக்கியவாறே மெல்லப் பின்வாங்குதல் ஆகிய ஒழுங்குகளை மாணவர்கள் கடைப்பிடிக்கின்றனர். காட்டு விலங்கைக் காட்டு விலங்காகவே இருக்கவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை என்பதை இவ்வொழுங்குகள் உணர்த்துகின்றன.

பட்சலா மக்களின் மூன்று நெறிகள்

கர்ரி தீவின் தொல்குடிகள் பட்சலா மக்கள். குறைந்தது 5,000 ஆண்டுகளாக மக்கள் இங்கு வாழ்ந்தமைக்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. உண்டபின் எறிந்த சிப்பி ஓடுகள் குவிந்த மேடுகள், கற்கருவிகள், பட்டை உரிக்கப்பட்ட தழும்போடு நிற்கும் மரங்கள் முதலியன அச்சான்றுகள். சிப்பி மேட்டைக் காணும் மாணவர்கள், மக்கள் எவற்றை உண்டனர், எந்த இடங்களில் கூடினர் என்பனவற்றை அதிலிருந்து உய்த்துணர்கிறார்கள். மேட்டின் ஓர் ஓட்டைக்கூட எடுப்பதில்லை. ஓர் ஓடு இடம்பெயர்ந்தாலும் அந்த ஆவணத்தின் ஒரு சொல் அழிந்ததாகும்.

தீவின் தோற்றத்தைப் பற்றிப் பட்சலா மக்களிடம் வழிவழியாக வழங்கும் கதை ஒன்று உண்டு. வானுலகின் இறைவனாகிய பீரல், நிலத்தை உருவாக்கத் தன் தூதனான யிண்டிங்கியை அனுப்பினான். கர்ரி என்னும் தேவமகள் அவனுக்குத் துணைநின்றாள். படைக்கப்பட்ட நிலத்தின் அழகில் மனம் தோய்ந்த அவள், அங்கேயே தங்க விரும்பினாள். யிண்டிங்கி அவளை அழகிய தீவாக மாற்றினான், மரங்களை அணிவித்தான், வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஏரிகளைக் கண்களாக அளித்தான், துணைக்கு விலங்குகளையும் மக்களையும் படைத்தான். ஏரியைக் கண்ணாகக் கருதும் மக்கள் அதனை மாசுபடுத்தத் துணியார். நீரை அளந்து மாணவர்கள் எட்டிய முடிவும் இக்கதையின் உட்கிடையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

பட்சலா மக்களின் வாழ்வு மூன்று நெறிகளைச் சார்ந்தது. நிலத்திற்கு எது நன்மையோ அதுவே முதலில் கருதத்தக்கது என்பது முதல் நெறி. உனக்கு உரிமையில்லாத எதனையும் எடுக்கவோ தொடவோ கூடாது என்பது இரண்டாம் நெறி. மிகுதியாக உள்ளதைப் பிறரோடு பகிர வேண்டும் என்பது மூன்றாம் நெறி. களப்பயணத்தின் தொடக்கத்தில் பட்சலா வழிகாட்டிகள் மாணவர்களை வரவேற்று இந்நெறிகளை எடுத்துரைப்பதுண்டு. சருகைச் சுரண்டாமை, ஏரியை மாசுபடுத்தாமை, சிப்பி ஓட்டை எடுக்காமை என்று அறிவியல் தனித்தனியே கூறும் விதிகள் யாவும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றன.

வழிகாட்டிகள் தமக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்வதில்லை. சில கதைகளைச் சொல்லும் உரிமை குறிப்பிட்ட பெரியோர்க்கே உண்டு. சில இடங்கள் பெண்களுக்கு மட்டுமோ, ஆண்களுக்கு மட்டுமோ உரியவை. வினவினால் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கும் என்று பழகிய மாணவர்களுக்கு, இவ்வடக்கமும் ஒரு பாடமாகிறது.

பெயரில் புதைந்த வரலாறு

1770ஆம் ஆண்டு ஜேம்ஸ் குக் இத்தீவின் வழியே கப்பலில் சென்றார். கடலை நோக்கி நீண்ட பாறைமுனை ஒன்றில் மக்கள் கூடி நிற்பதைக் கண்டு, அதற்கு 'இந்தியர் முனை' என்று பெயரிட்டார். தாம் சென்ற இடங்களில் கண்ட தொல்குடிகளை ஐரோப்பியர் இந்தியர் என்றே குறித்த காலம் அது. அதே கப்பலைக் கரையிலிருந்து கண்டவர்களின் பார்வையில் அமைந்த பாடல் ஒன்று பட்சலா மக்களிடம் வழங்கிவந்துள்ளது. ஒரே நிகழ்ச்சிக்குக் கப்பலிலிருந்து ஒரு பதிவும் கரையிலிருந்து ஒரு பதிவும் உள்ளன.

1836ஆம் ஆண்டு ஸ்டர்லிங் கேசில் என்னும் கப்பல் பவளப்பாறையில் மோதிச் சிதைந்தது. தப்பியவர்கள் படகில் இத்தீவை அடைந்தனர். கப்பல் தலைவர் ஜேம்ஸ் ஃபிரேசர் இறந்தார். அவர் மனைவி எலிசா ஃபிரேசர், தொல்குடிகளிடையே சில வாரங்கள் வாழ்ந்தபின் மீட்கப்பட்டார். தாம் கொடுமைக்கு ஆளானதாக அவர் பெயரில் வெளிவந்த செய்திகள் பரபரப்பாகப் பரவின. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உடன் தப்பிய பிறரின் கூற்றோடும் முழுமையாகப் பொருந்தவில்லை. பசியோடு கரையொதுங்கியவர்க்கு உணவும் இடமும் அளித்துக் காத்தோம் என்பது பட்சலா மக்களின் வாய்மொழி மரபு. ஆயினும் அச்சில் ஏறிய கதையே நிலைத்தது. தீவும் ஃபிரேசர் தீவு எனப் பெயர் பெற்றது. எழுதப்பட்டது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடுமா, எழுதப்படாதது என்பதாலேயே பொய்யாகிவிடுமா என்னும் வினாவை ஆசிரியர்கள் மாணவர்முன் வைக்க இவ்வரலாறு இடமளிக்கிறது.

இழப்பும் மீட்பும்

குடியேறியவர்களின் வருகைக்குப் பின் பட்சலா மக்கள் வன்முறையாலும் நோயாலும் பெரிதும் குறைந்தனர். 1897ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்து அரசு இயற்றிய சட்டம், தொல்குடிகளை அவர்கள் விருப்பமின்றி இடம்பெயர்க்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அவ்வாண்டே தீவின் மேற்குக் கரையில் போகிம்பா குடியிருப்பு நிறுவப்பட்டு, பல இடங்களிலிருந்து மக்கள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். போதிய உணவின்றியும் நோயுற்றும் பலர் இறந்தனர். 1904இல் அது மூடப்பட்டபோது, எஞ்சியோர் தொலைவிலுள்ள பிற குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். தம் தீவிலிருந்தே அவர்கள் பிரிக்கப்பட்டனர்.

நிலமும் இழப்புக்கு உள்ளானது. 1860களில் தொடங்கிய மரவெட்டு 1991இல்தான் முடிவுற்றது. நீரில் எளிதில் மட்காத சாட்டினே மரங்கள் சூயஸ் கால்வாய்ப் பணிகள் வரை சென்றன. கனிமங்களுக்காக மணலும் அகழப்பட்டது. ஜான் சின்க்ளேரும் அவரோடு இணைந்தோரும் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, 1976ஆம் ஆண்டின் இறுதியில் மணல் அகழ்வு நின்றது. 2020இல், விதியை மீறி மூட்டப்பட்ட ஒரு முகாம் தீயிலிருந்து பரவிய நெருப்பு இரண்டு மாதங்கள் எரிந்து, தீவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைக் கருக்கியது.

உரிய காலத்தில், சிறு சிறு பகுதிகளாக, மெல்லிய தீயை மூட்டித் தரையிலுள்ள எரிபொருளைக் குறைப்பது தொல்குடிகளின் மரபறிவு. அவ்வாறு எரிந்த நிலத்தில் பெருந்தீ எளிதில் பரவாது. விலங்குகள் அஞ்சி ஒதுங்கவும் இடமிருக்கும். மக்கள் அகற்றப்பட்டபோது இவ்வறிவும் நிலத்திலிருந்து அகற்றப்பட்டது. இன்று பட்சலா நிலக்காவலர்கள் தீவைக் காக்கும் பணியில் ஈடுபட்டு, அம்மரபை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

2014ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் தீவின்மீது பட்சலா மக்களுக்குள்ள மரபுரிமையை ஏற்றது. 2021இல் உலக மரபிடப் பட்டியலில் பெயர் மாற்றம் பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் தீவின் பெயர் அரசு முறைப்படி கர்ரி என மீட்கப்பட்டது. ஒரு கப்பல் விபத்தின் பெயரால் அழைக்கப்பட்ட நிலம், தன் மக்களின் மொழியில் தன் பெயரைத் திரும்பப் பெற்றது.

தெரிந்து தெளிவோம்

தீவின் நடுவே உள்ள மழைக்காட்டின் ஊடாக வாங்கூல்பா என்னும் ஓடை பாய்கிறது. மணற்படுகையின்மீது ஓடுவதால் அதன் நீர் ஓசையெழுப்புவதில்லை. கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் நீர் இருப்பதே முதற்பார்வையில் புலப்படுவதில்லை. மிகப் பெரிய இலைகளைக் கொண்ட பழமையான பெரணியினம் ஒன்று இவ்வோடைக் கரையில் வளர்கிறது.

பயணத்தின் பயன்

நல்ல களப்பயணம் மூன்று நிலைகளில் நிறைவுறுகிறது. செல்லுமுன் தீவின் நிலவமைப்பையும் வரலாற்றையும் படித்து, வினாக்களை வகுத்துக்கொள்ளுதல் முதல் நிலை. தீவில் அளத்தல், குறித்தல், வரைதல், கேட்டல் ஆகியன இரண்டாம் நிலை. திரும்பியபின் தரவுகளை ஒப்பிட்டு, முடிவுகளை எழுதி, ஐயங்களை விவாதித்தல் மூன்றாம் நிலை. இவற்றுள் எது குறைந்தாலும் பயணம் உலாவாகச் சுருங்கிவிடும்.

அறிவியல் தீவை அளந்து விளக்குகிறது. மரபறிவு அதனோடு வாழும் முறையைக் கூறுகிறது. இரண்டையும் ஒருசேரக் கற்ற மாணவர், காடு ஏன் வளர்கிறது என்பதையும் அது யாரால் காக்கப்பட்டது என்பதையும் அறிகிறார். அவரது குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் நீரின் அமில அளவும் மறுபக்கத்தில் பட்சலாச் சொற்களும் இருக்கும். மணலும் சிப்பியும் சருகும் தீவிலேயே இருக்கும். ஏரியும் வொங்காரியும் அடுத்து வரும் மாணவர்க்கும் அவ்வாறே கிடைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் அருகிலுள்ள ஏரி, காடு, கடற்கரை ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்து, ஒருநாள் களப்பயணத்திற்கான திட்டத்தை எழுதுக.

2. அவ்விடத்தைப் பற்றி முதியோர் கூறும் வாய்மொழிச் செய்திகளைத் திரட்டி, அச்சில் வந்த செய்திகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ஓர் இடத்தின் பெயர் மாறும்போது இழப்பதும் பெறுவதும் யாவை என்னும் பொருளில் கட்டுரை வரைக.